கூடத்தை எதற்குக் கொடுப்பது? ஒரு தெருவின் முன் நான்கு யோசனைகள்

எங்கள் தெருச் சங்கத்திடம் இப்போது ஒரு கூடம் இருக்கிறது. சேலம் குகைப் பகுதியில் கைத்தறிகள் நிறைந்திருந்த காலத்தில் நூல் மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த இடம் அது. ஓடு மாற்றி, வெள்ளையடித்து, மின்சாரமும் வாங்கியாகிவிட்டது. ஒரு வருடம் எதையாவது நடத்திப் பார்க்கும் அளவுக்குச் சங்கத்தில் பணமும் சேர்ந்திருக்கிறது. தெருவில் ஒற்றுமை வளர்வதற்கு இதைப் பயன்படுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் நான்கு யோசனைகள் வந்து நிற்கின்றன.

ஒன்று, வருடத்துக்கு இரண்டு முறை ஏற்காட்டில் தியான முகாம். இரண்டாவது, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நீதி வகுப்பு. மூன்றாவது, மாதம் ஒரு முறை தெரு முழுவதும் சேர்ந்து உண்பது. நான்காவது, அக்கம்பக்கத்துத் தகராறுகளைப் பேசித் தீர்க்க ஒரு சமரசக் குழு. நான்கையும் செய்யப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு தெருக்காரர்களுக்கும் உதவும் என்பதால் என் எண்ணங்களை எழுதுகிறேன்.

இந்த நான்கும் நான்கு நிகழ்ச்சிகள் மட்டுமல்ல. மனிதன் எப்படி நல்லவனாகிறான் என்பதற்கான நான்கு பதில்கள். உள்ளம் அடங்கினால் நல்லவனாவான் என்கிறது ஒன்று. நல்லதைக் கற்றால் ஆவான் என்கிறது இன்னொன்று. பிறரோடு கலந்து வாழ்ந்தால் ஆவான் என்கிறது மூன்றாவது. நியாயம் கிடைக்கும் இடத்தில் இருந்தால் ஆவான் என்கிறது நான்காவது. நான்கிலும் உண்மை இருக்கிறது. எங்கள் தெருவுக்கு இன்று எது முதலில் வேண்டும் என்பதே கேள்வி.

அதை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். சண்டை இல்லாத தெரு ஒற்றுமையான தெரு என்று நான் நினைக்கவில்லை. எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுத்துப் போனாலும் தெரு அமைதியாகத்தான் இருக்கும். ஆகவே நான் கேட்பது இதுதான்: தெருவில் குரல் மிகக் குறைந்தவருக்கு இந்த யோசனையால் என்ன மாறும்? மாடி அறையில் ஆறு பேராகத் தங்கி வெள்ளிப் பட்டறைக்கு வேலைக்குப் போகும் வடமாநிலப் பையன், விடியற்காலையில் குப்பை அள்ள வரும் அம்மா, மகன் வீட்டில் ஒரு மூலையில் நாட்களைக் கழிக்கும் பாட்டி ஆகியோரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான்கையும் பார்க்கிறேன்.

ஏற்காடு முகாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யோசனையைக் கொண்டுவந்தவர் நல்ல மனிதர். ஓய்வுக்குப் பிறகு தியானத்தால் தன் கோபம் குறைந்தது என்று மனம் திறந்து சொன்னார். அதை நான் நம்புகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய் ஓர் இரவு தங்கினாலே தறிச் சத்தமும் வண்டிச் சத்தமும் காதைவிட்டு இறங்கிவிடுகின்றன. மனம் தன்னைத்தானே பார்க்க அது உதவும்.

ஆனால் அந்த அமைதி மலைக்குச் சொந்தமானது, எங்களுக்கு அல்ல. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை காப்பித் தோட்ட மலை. நாம் கண்ணை மூடி உட்காரும் அதே நேரத்தில், சற்றுத் தள்ளி ஒரு பெண் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது வேலைத் தளம். முகாமுக்கு யார் வருவார்கள் என்பதும் தெரிந்ததுதான். இரண்டு நாள் வேலையை விட முடிந்தவர்கள் வருவார்கள். பட்டறைப் பையன் வர மாட்டான், குப்பை அள்ளும் அம்மா வர மாட்டார்.

தியானத்துக்கு எதிராக நான் இதைச் சொல்லவில்லை. சேலம் பெரியேரியில் மக்கள் தலைவெட்டி முனியப்பனாக வணங்கிவந்த சிலை புத்தருடையது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் புத்தர் தியானத்தோடு நின்றவர் அல்லர். ஞானம் பெற்ற பின் மனிதர்களிடம் திரும்பி வந்தார், சங்கத்தை உண்டாக்கினார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை துறவிகள் ஒன்றுகூடி விதிகளை ஓதித் தங்கள் குற்றங்களைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அந்தச் சங்கத்தில் இருந்தது. கூடி வாழ்வதற்கு உள்ளத் தூய்மை மட்டும் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். முகாமுக்குப் போக விரும்புகிறவர்கள் தங்கள் செலவில் போய் வரலாம். தெருவின் பணத்தில் வேண்டாம்.

அடுத்தது நீதி வகுப்பு. கூட்டத்தில் அதிகக் கைகள் உயர்ந்தது இதற்குத்தான். யாரையும் சங்கடப்படுத்தாத யோசனை இது. செலவும் குறைவு. நான் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், "டீச்சர், நீங்களே நடத்தினால் போதும்" என்று முடிவே செய்துவிட்டார்கள். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை வீட்டுக்குப் போகிறது. வாசலில் குப்பை அள்ளும் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஜன்னல் ஓரத்தில் தனியாக ஒரு டம்ளர் இருக்கிறது. யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வகுப்பில் கேட்ட குறளைவிட அந்த டம்ளர்தான் பிள்ளைக்கு ஆழமாகப் பாடம் சொல்லுகிறது. நியாயமான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நியாயமானவனாகிறான் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் சொன்னார். வீணை வாசிக்கப் பழகுகிறவர் வாசித்துத்தானே பழக வேண்டும்?

நம் பக்கத்து வரலாற்றிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1920-களில் திருநெல்வேலிப் பக்கத்துச் சேரன்மாதேவியில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தி, ஒழுக்கம், தமிழ்க் கல்வி என்று உயர்ந்த நோக்கங்கள். தமிழ்நாடு காங்கிரஸும் பணம் கொடுத்தது. ஆனால் அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனி உணவு. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அப்படி என்று விளக்கம் சொல்லப்பட்டது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு முழுவதும் பிரச்சாரம் செய்தவர் அன்றைய சேலம் மாவட்டத்து ராசிபுரத்தில் பிறந்த காங்கிரஸ் தலைவர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. பெரியாரும் உறுதியாக எதிர்த்தார். ஐயர் தன்னலம் கருதாத மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1925-ல் பாபநாசம் அருவியில் அவர் இறந்தது நம் எல்லோருக்கும் இழப்பு. என்றாலும் அந்தக் குருகுலத்தில் என்னென்ன பாடங்கள் நடந்தன என்று இன்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். சாப்பாட்டு வரிசையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நூறு நீதிப் பாடங்களை ஒரு பந்தி அழித்துவிடும்.

பிள்ளைகளைத் திருத்தினால் தெரு திருந்தும் என்ற எண்ணத்துக்குள் பெரியவர்கள் தங்களுக்கு விடுப்பு எடுத்துக்கொள்வதும் ஒளிந்திருக்கிறது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது சிலர் முகம் மாறியது. சொல்லாமல் விடவும் என்னால் முடியவில்லை.

இடையே ஒருவர், வகுப்பு வேண்டாம், விதி போடுங்கள், மீறினால் அபராதம் என்றார். விதியால் ஒழுக்கத்தைக் கொண்டுவர முடியுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த மாவட்டம் நம்முடையது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர் அது) 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். போர்க்காலத்தில் அது நிறுத்தப்பட்டது. 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டது. கூலிப் பணம் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாட்களில் பெண்களும் பிள்ளைகளும் பெற்ற நிம்மதியை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் விதியை நடத்த அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அபராதம் வசூலிக்கத் தொடங்கும் தெருச் சங்கம் யார் மேல் கை வைக்கும் என்று யோசித்தால், முதலில் அந்த மாடி அறைப் பையன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இந்த யோசனையை அங்கேயே நிறுத்தியது நல்லது.

மூன்றாவது யோசனையில் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

சேர்ந்து உண்பது என்றதும் பலர் அன்னதானத்தை நினைத்துக்கொண்டார்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊர் முழுவதும் கூழ் வார்க்கிறோம். அது நம் ஊரின் அழகு. வடலூரில் வள்ளலார் 1867 மே மாதம் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும். பசித்தவருக்குச் சோறிடுவதைவிடப் பெரிய அறம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் இன்று தீர்க்க வேண்டியது பசி அல்ல, இடைவெளி. தானத்தில் கொடுக்கும் கை ஒன்று, வாங்கும் கை ஒன்று. கொடுக்கிறவர் பந்தியில் உட்காராமலேயே புண்ணியம் சேர்த்துக்கொள்ளலாம். நான் சொல்லும் விருந்தில் எல்லோரும் சமைக்க வேண்டும், எல்லோரும் உட்கார வேண்டும், எல்லோரும் பாத்திரம் கழுவ வேண்டும்.

இதில்தான் சங்கடம் தொடங்குகிறது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஓர் அக்கா என்னிடம் மெதுவாக, "யார் சமைப்பார்கள், டீச்சர்?" என்று கேட்டார். கேள்வியின் பொருள் இருவருக்கும் தெரியும். பள்ளியில் காலை உணவு சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாத பெற்றோரைப் பற்றிய செய்தி 2023-ல் கூட வந்தது. சேரன்மாதேவி முடிந்துபோன கதை அல்ல. அந்தக் கேள்வி எங்கள் தெருவிலும் ஒளிந்திருக்கிறது என்பதாலேயே இந்த யோசனை எனக்கு முக்கியமாகப்படுகிறது. முகாமிலும் வகுப்பிலும் அந்தக் கேள்வி எழவே எழாது. எழாத கேள்விக்கு விடை கிடைக்காது.

சமைக்கும் குழுவைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். மாதம் ஐந்து வீடுகள். அதில் வாடகை வீடுகளும் மாடி அறைகளும் சேரும். பரிமாறுவதும் கழுவுவதும் ஆண்களுக்கும் உண்டு, தவறாமல் உண்டு. இல்லையென்றால் 'தெரு ஒற்றுமை' என்ற பெயரில் பெண்களுக்கு ஒரு நாள் கூடுதல் உழைப்பு, அவ்வளவுதான். பணம் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. முடியாதவர் வேலையால் ஈடு செய்யலாம். அதை வெளியே சொல்ல வேண்டாம். நன்கொடையாளர் பெயர்ப்பலகை கூடாது. ஒரே பந்தி, வருகிற வரிசையில் உட்கார வேண்டும். 100 பேர் என்றால் 10 முதல் 12 கிலோ அரிசி, ஒரு சாம்பார், ஒரு பொரியல், மோர் போதும். பாயசம் வைக்கலாமா என்று ஆரம்பித்தால் அடுத்த மாதக் குழு அதைவிட ஒரு படி மேலே போக நினைக்கும், அப்புறம் ஏழை வீடுகள் ஒதுங்கிவிடும்.

சைவம் மட்டும்தானா என்ற கேள்வியை மூடி வைக்கக் கூடாது. எல்லோராலும் உண்ண முடியும் என்பதற்காகச் சைவம், அது உயர்ந்தது என்பதற்காக அல்ல. இந்தக் காரணத்தை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ரமலான் மாதத்தில் மதிய விருந்தை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் உருதும் வீட்டு மொழிகளாக இருக்கும் ஊர் சேலம். இப்போது இந்தியும் வங்காளமும் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பையன்கள் சமைக்கும் முறை வரும்போது பருப்பும் ரொட்டியும் வரட்டும்.

வாழ்க்கையின் பயன் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒரு பெரியவர், "இதையெல்லாம் செய்து என்னம்மா ஆகப் போகிறது? நாம் எதற்காக இருக்கிறோம் என்பதே எனக்குப் பிடிபடவில்லை" என்றார். தறி நின்ற பிறகு பல வருடங்களாக வீட்டுக்குள்ளேயே இருப்பவர். அவருக்குத் தத்துவ விளக்கம் எதுவும் உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயன் என்பது யோசித்துக் கண்டுபிடிக்கிற பொருள் என்பதைவிட, யாருக்காவது நாம் தேவைப்படும்போது தானாக வந்து சேர்கிற உணர்வு என்றே என் அனுபவம் சொல்கிறது. மூலையில் இருக்கும் பாட்டிக்கு நூறு பேருக்கு உப்புப் பார்த்து உலை வைக்கத் தெரியும். இன்றைக்கு எங்கள் தெருவில் அது வேறு யாருக்கும் தெரியாது. விருந்து நாளில் மூன்று வீட்டு மருமகள்கள் அவரைத் தேடி வருவார்கள். அந்தப் பெரியவருக்குக் கணக்கு எழுதும் வேலை கொடுக்கலாம். நெசவுக் கூலிக் கணக்கு எழுதிய கை அது.

இனி சமரசக் குழு. இந்த யோசனையை நான் மதிக்கிறேன், அதே அளவுக்கு அஞ்சவும் செய்கிறேன்.

மதிப்பதற்குக் காரணம், தகராறு சிறிதாக இருக்கும்போதே பேச ஓர் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1882-ல் செவ்வாய்ப்பேட்டையில் மசூதி, கோயில் ஊர்வலம் தொடர்பான தகராறு பெருங்கலவரமாக வெடித்தது. நகராட்சி உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியாரும் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானார். பிற்காலத்தில் 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஊர்வலம் எந்த வழியாக, எந்த நேரத்தில் என்பது உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய விஷயம். பேசும் பழக்கம் முன்பே இருந்தால்தான் அப்படி உட்காரவும் முடியும்.

மலையில் அந்தப் பழக்கம் இருந்தது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சேலநாடு, மூட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாக வாழ்ந்தவர்கள். நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு மூப்பன் என்று பொறுப்புகள் இருந்தன. சச்சரவு வந்தால் ஊர்க் கூட்டத்தில் பேசுவார்கள். நாடாளுமன்றம் 2023-ல் இயற்றிய சமரசச் சட்டத்திலும் இதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பகுதியில் வாழ்வோரின் அமைதியையும் நல்லிணக்கத்தையும் பாதிக்கக்கூடிய தகராறுகளை, இரு தரப்பும் சம்மதித்தால், மூவர் குழு பேசித் தீர்க்கலாம் என்கிறது அது. அப்படி வரும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல வலுக்கட்டாயமாக நிறைவேற்ற முடியாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சம்மதம் மட்டுமே அதன் பலம்.

அஞ்சுவதற்குக் காரணம் கட்டப் பஞ்சாயத்து. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இவை சட்டவிரோதமானவை, ஒழிக்கப்பட வேண்டியவை என்று தெளிவாகச் சொன்னது. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் 2015-ல் வேற்றுச் சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டதும், 2022-ல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததும் நம் கண் முன்னால் நடந்தவை. 'ஊர் மானம்', 'ஊர் அமைதி' என்ற சொற்கள் எவ்வளவு கொடுமையான காரியத்துக்கும் துணை போகும். சமரசக் குழுவில் யார் உட்காருவார்கள்? சொந்த வீடும் வயதும் குரலும் உள்ளவர்கள். அடித்த கணவனோடு அனுசரித்துப் போகச் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு, குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம் என்று மகிழ்ந்துகொள்வார்கள். அது அறமே அல்ல.

ஆகவே இந்தக் குழு வருவதானால் எல்லையோடு வர வேண்டும். விசைத்தறியை இரவு எத்தனை மணிக்கு நிறுத்துவது, குழாயில் மோட்டார் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுவது, சாக்கடை அடைப்பு, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைப் பேசலாம். அடிதடி, பெண்கள் மேலான வன்முறை, திருமணம், சாதி இழிவு ஆகிய நான்கும் இந்தக் கூடத்தின் வாசலுக்கே வரக் கூடாது. அவற்றுக்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. அங்கே போகத் துணை வேண்டுமென்றால் உடன் போவது மட்டுமே எங்கள் வேலை. குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வாடகைக்காரர் ஒருவர் கட்டாயம்.

இந்த எல்லைகளோடும்கூட, முதல் வருடத்தில் அதைத் தொடங்குவதை நான் எதிர்க்கிறேன். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடத் தெரியாதவர்கள் நியாயம் பேச உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் தன் வீட்டின் பக்கமும் தன் சாதியின் பக்கமும்தான் சாய்வார்கள். பட்டறைப் பையன் தன் குறையைச் சொல்ல அந்த அறைக்குள் வர மாட்டான். அவன் ஒரு முறையாவது அங்கே சமைத்திருக்க வேண்டும், நாங்கள் உண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவான்.

என் ஓட்டு மூன்றாவது யோசனைக்கு. ஒரு வருடம், மாதம் ஒரு விருந்து, மேலே சொன்ன நிபந்தனைகளோடு. அது நின்று நிலைத்தால் இரண்டாம் வருடம் சமரசக் குழு. நீதி வகுப்பு தனியாக வேண்டாம். விருந்து முடிந்ததும் பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து, அன்று பார்த்ததைப் பற்றி அவர்கள் கேள்வி கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லட்டும். அதை நடத்த நான் தயார்.

தோற்றுப்போகவும் கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் மாதம் கூட்டம் வரும், மூன்றாம் மாதம் சில வீடுகள் வேலை இருக்கிறது என்று சொல்லும், எந்த வீட்டின் முறை வரும்போது அந்த வேலைகள் வருகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்போது நிறுத்திவிடக் கூடாது என்ற தீர்மானத்தை இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்று செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வந்தவர்களைக் கொண்டு பன்னிரண்டு மாதமும் நடத்த வேண்டும். கூடத்தில் பெரிய அண்டாவும் இரண்டு குண்டானும் மட்டும்தான் இருக்கின்றன. வீட்டில் பயன்படுத்தாத தட்டும் டம்ளரும் இருப்பவர்கள் பொதுக்குழுவுக்கு வரும்போது கொண்டுவரலாம். எல்லாம் ஒரே கூடையில் சேரும், எந்த வீட்டு டம்ளர் யார் கைக்குப் போகும் என்று யாரும் பிரிக்க மாட்டோம்.